குழியில் ஊறும் தண்ணீரும் மோட்டார் மேல் விழும் பழியும்

ஆடி மாதத்து இரவு ஒன்றில், தெருவில் ஒரு சொட்டு மழையும் பெய்யாதிருந்த நேரத்தில், எங்கள் வீட்டின் கீழறையிலிருந்து வந்த 'டக்' என்ற சத்தமும் அதைத் தொடர்ந்த பத்து நொடி உறுமலும் என்னை எழுப்பின. மறுபடி கண் அயர்வதற்குள் அதே சத்தம் திரும்பக் கேட்டது. கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டார் ஓடி நின்றது. அதற்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் அந்தக் குழியில் இரண்டு மோட்டார்கள் எரிந்து போயிருந்தன, ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது.

எங்கள் வீடு கோவையில் சிங்காநல்லூர்க் குளத்துக்கு அருகில், தெருவை விடத் தாழ்ந்த ஒரு மனையில் இருக்கிறது. பள்ளத்தை மண் கொட்டி நிரப்புவதற்குப் பதிலாக அங்கே ஓர் அறை கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதில் விசேஷத்துக்கு எடுக்கும் அண்டா குண்டாக்களையும், தோட்டத்திலிருந்து வரும் தேங்காயையும், துணி துவைக்கும் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டோம். இதை பேஸ்மென்ட் என்று எழுதினால் எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் வேறு பொருள் கொள்வார்கள். அவர்களுக்கு பேஸ்மட்டம் என்பது தரைக்கு மேலே எழுப்பும் அடிமட்டம். ஆகவே கீழறை என்றே சொல்கிறேன். அதன் ஒரு மூலையில் 2 அடிக்கு 2 அடி அகலத்தில், 3 அடி ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது. சுவரோரமாகக் கசியும் ஊற்றுநீரும் துவைக்கும் இடத்துத் தண்ணீரும் அதில் சேரும். அதை மேலேற்றி வெளியே தள்ள அரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றும், தண்ணீர் ஏறினால் மோட்டாரை இயக்கி இறங்கினால் நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் ஒன்றும் அதற்குள் இருக்கின்றன. பிளம்பர்கள் அந்த மிதவையை 'ப்ளோட்' என்பார்கள்.

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மோட்டார் என்பது வீட்டுப் பேச்சு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறிய ஊர் இது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. சாலைக்கு ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும், யாரைக் கேட்டாலும் நல்ல மோட்டார் எது என்று சொல்வார்கள். இந்தப் பழக்கமே எனக்குத் தடையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீர் வெளியேறவில்லை என்றால் மோட்டாரைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். அதைக் கழற்றிக் கொண்டுபோய் 'காயில் போச்சுங்க', அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, என்ற தீர்ப்பை வாங்கி, புதியது ஒன்றைப் பொருத்தியதும் வேலை முடிந்துவிட்டதாக நம்புகிறோம். காயில் ஏன் போனது என்று நான் இரண்டு முறையும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர், பம்பு தயாரிக்கும் பட்டறையில் பல ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா. விடிந்ததும் அவரிடம் சொன்னேன். கீழே வந்து குழியருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, இரண்டு சுற்று ஓடி நிற்கும் வரை எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "மோட்டாரு தானாக் கெட்டுப்போகல அம்மிணி, கெடுத்துப் போட்டீங்க" என்றார். பிறகு, "தண்ணி எங்கிருந்து வருது, எத்தன வருது, எங்க போகுது? இந்த மூணையும் எனக்குச் சொல்லிப்போட்டு அப்பறம் மோட்டாரத் தொடுங்க" என்றார். அடுத்த ஒரு வாரம் நாங்கள் செய்ததெல்லாம் அந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடியதுதான்.

வேலையைத் தொடங்குமுன் அவர் எனக்கு இட்ட கட்டளையை இங்கே சொல்லியாக வேண்டும். குழியில் கை வைக்குமுன், மிதவையைத் தூக்கிக் கட்டினால் போதும் என்று இருந்துவிடாமல், மோட்டாருக்குரிய எம்.சி.பி. என்ற மின்துண்டிப்புச் சுவிட்சையே இறக்கிவிட வேண்டும். கீழறையில் தண்ணீர் தேங்கி, அது பிளக் இருக்கும் உயரத்தை நெருங்கியிருந்தால், வீட்டின் மெயினை அணைக்காமல் படியில் கால் இறக்கவே கூடாது. அந்த இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை. முதல் நாளே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்தினோம். மோட்டாரை ஒயரைப் பிடித்துத் தூக்குவதும் அன்றோடு நின்றது. கைப்பிடியில் நைலான் கயிறு கட்டினோம். ஒயரைப் பிடித்து இழுத்தால் அது மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் தளர்ந்து, அந்த வழியே தண்ணீர் உள்ளே போய்விடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. மழை இல்லாத மாதத்தில் ஊற்று வர வாய்ப்பில்லை, குடிநீர்த் தொட்டிதான் ஒழுகுகிறது என்பது என் கணிப்பு. சம்ப் எனப்படும் அந்த நிலத்தடித் தொட்டி கீழறைச் சுவரை ஒட்டியே இருக்கிறது. மாமா சம்பின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எல்லா வால்வுகளையும் அடைத்து, மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது என்றார். கோடு அசையவில்லை. அதற்கும் மேலாக ஒரு சோதனை செய்தார். ஒரு பாட்டிலில் குழித் தண்ணீரையும் இன்னொன்றில் குடிநீராக வரும் சிறுவாணித் தண்ணீரையும் பிடித்து, இரண்டிலும் சோப்புத் துண்டு ஒன்றைப் போட்டுக் குலுக்கினார். சிறுவாணித் தண்ணீர் கழுத்து வரை நுரைத்தது. குழித் தண்ணீரில் வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ மிதந்ததே தவிர நுரை நிற்கவில்லை. உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் வைத்துப் புழங்கும் ஊரில் இந்த வேறுபாடு எனக்கு நினைவு வராமல் போனது வியப்பாக இருந்தது. மண்ணின் ஊடே கசிந்து வரும் நல்ல தண்ணீரும் சற்று உப்பை ஏற்றுக்கொள்ளும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆனால் சம்பில் போட்ட கோட்டோடு சேர்த்துப் பார்த்தபோது, வருவது நிலத்தடி நீர்தான் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

மழை இல்லாமல் அது ஏறியதற்கும் காரணம் இருந்தது. கோவை நகரத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான். ஆனால் நொய்யல் பிறப்பது வெள்ளியங்கிரி மலையில். தென்மேற்குப் பருவத்தில் மலையில் கொட்டினால் ஆடியிலேயே ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் வழியாகக் குளங்களில் சேரும். குளம் ஏறினால் அதன் அருகிலுள்ள கிணறுகளும் ஏறும். நாங்கள் வெட்டிய கீழறைக் குழியும் ஒரு கிணறு என்பதை மண் அறியும், நாங்கள்தான் அறிந்திருக்கவில்லை.

எவ்வளவு வருகிறது என்பதை அறிய ஒரு மர ஸ்கேலும் கடிகாரமும் போதுமாயின. மோட்டாரை அணைத்துவிட்டு, குழிக்குள் ஸ்கேலை நிறுத்தி, 10 நிமிடத்தில் தண்ணீர் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பார்த்தோம். 4 செ.மீ. ஏறியது. குழி 60 செ.மீ. சதுரம் என்பதால் ஒரு செ.மீ. உயரத்துக்கு 3.6 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 10 நிமிடத்துக்கு 14.4 லிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு நிமிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் தள்ளக்கூடிய மோட்டாருக்கு இது வேலையே இல்லை. குழியை 30 செ.மீ. நிறைய விட்டு 108 லிட்டர் சேர்ந்த பிறகு ஓடினால் 75 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் ஓடினால் போதும். அதாவது நாளுக்கு 19 முறை. எங்கள் மோட்டாரோ மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 400 முறைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் எரிவது ஓடுவதால் அல்ல, கிளம்புவதால் என்று மாமா விளக்கினார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கமாக ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு காயிலில் பாய்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மறுபடி கிளம்பினால் சூட்டின் மேல் சூடு ஏறி, கம்பியின் மேலுள்ள பூச்சு கருகிவிடுகிறது. எரிந்த இரண்டு மோட்டார்களும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

ஏன் இத்தனை முறை கிளம்புகிறது என்று பார்த்தபோது முதல் குறை உடனே தெரிந்தது. மிதவையின் ஒயரை மோட்டாரோடு சேர்த்துக் கட்டியவர்கள், அது சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று மிகக் குட்டையாகக் கட்டிவிட்டார்கள். குட்டையாகக் கட்டிய மிதவை ஐந்து செ.மீ. ஏறினாலே நிமிர்ந்துவிடும், ஐந்து செ.மீ. இறங்கினாலே கவிழ்ந்துவிடும். ஆக ஒவ்வொரு முறையும் வெளியேறியது 18 லிட்டர் மட்டுமே. ஆனாலும் கணக்கு இடித்தது. 18 லிட்டர் ஊற பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். மூன்றரை நிமிடத்தில் எப்படிச் சேர்கிறது?

இங்கேதான் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றி முதன்முறையாக யோசித்தேன். குழியிலிருந்து 3 மீட்டர் மேலேறி, சுவரைத் துளைத்து, 8 மீட்டர் கிடைமட்டமாகப் போகிறது எங்கள் 40 மி.மீ. பி.வி.சி. குழாய். அந்த அளவுக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நிற்கும், ஆக 11 லிட்டர். மோட்டார் நின்றதும் அது அப்படியே திரும்பி விழுந்தால், தள்ளிய 18 லிட்டரில் 11 லிட்டர் குழிக்கே வந்துவிடும். தள்ளிய தண்ணீரையே திரும்பத் தள்ளிக்கொண்டிருப்பதைத் தவிர மோட்டாருக்கு வேறு வழி இல்லை. இதைத் தடுப்பதற்காகத்தான் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வைப் பொருத்துகிறார்கள். "என்.ஆர்.வி. போட்டிருக்குங்க்கா, நானே போட்டது" என்று பிளம்பர் தம்பி உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. குழாயில் அது இருந்தது, அம்புக்குறியும் மேல்நோக்கியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் அதைக் கடந்து போனோம்.

மாமா மோட்டார் நிற்கும் நொடியில் குழாயில் காதை வைக்கச் சொன்னார். வால்வு சரியாக இருந்தால் ஒரு தட்டு தட்டி அமைதியாகிவிடும். எங்கள் குழாயில் தட்டும் சத்தம் இல்லை. சலசலவென்று நீர் இறங்கும் ஓசை ஏழெட்டு நொடி கேட்டது. குழாயின் கழற்று இணைப்பான யூனியனைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தோம். உள்ளே பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பித்தளைத் தட்டின் கீல் மேல், சீப்பில் சுற்றிய முடிக் கற்றையைப் போல், பழுப்பு நிறத்தில் தேங்காய் நார் இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. சேறு படிந்து, கையால் பிய்க்க முடியாத அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. தட்டு முக்கால் பாகம் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. விசேஷத்துக்கு முன்னும் பின்னும் கீழறையில் அண்டா தேய்ப்பது வழக்கம். தேய்க்கும் நார் நுணுங்கித் துணுக்குத் துணுக்காகத் தரைத்துளை வழியே குழிக்குள் போயிருக்கிறது. மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரத்திலும் அதே நார் ஒரு மோதிரம் போலச் சுற்றியிருந்தது. திருப்புளியின் முனையால் கால் மணி நேரம் மெல்ல மெல்லக் கீறி அதை எடுத்தேன். அதன் பிறகு தரைத்துளைக்கு நுண்கண் வலை ஒன்றைப் போட்டோம், மோட்டாருக்கு அடியில் குழித் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குச் செங்கல் வைத்தோம். அடியில் படியும் சேற்றை அது நேராக உறிஞ்சக் கூடாது என்பதற்காக.

வால்வைச் சுத்தம் செய்து, மிதவை ஒயரை நீளமாக விட்டுக் கட்டி, மோட்டாரை இறக்கி இயக்கினோம். உறுமியது, தண்ணீர் வரவில்லை. எனக்கு நெஞ்சு பதறியது, மூன்றாவதும் போய்விட்டது என்றே நினைத்தேன். மாமா அணைத்துவிட்டு, குழாயில் காற்று வெளியேறத் துளை இருக்கிறதா என்று கேட்டார். ஒருவழி வால்வு சரியாக மூடிக்கொண்டால் அதற்கும் மோட்டாருக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். மேலே நிற்கும் நீரின் கனத்தை எதிர்த்து அந்தக் காற்றைத் தள்ள இறகுச் சக்கரத்தால் முடியாது. வால்வு பழுதாகித் திறந்தே கிடந்தவரை இந்தச் சிக்கல் தெரியவில்லை. வால்வுக்குக் கீழே, குழிக்குள்ளேயே நீர் விழும்படி சாய்வாக 3 மி.மீ. துளை ஒன்றை டிரில்லால் போட்டார். மறுபடி இயக்கியதும் துளையில் காற்று சீறி, பிறகு நூல் போல ஒரு நீர்த்தாரை பீய்ச்சி, மோட்டாரின் குரல் கனத்தது. அந்தத் துளையைக் கசிவு என்று நினைத்து யாரும் எம்சீல் வைத்து அடைத்துவிடக் கூடாது என்பதற்காகக் குழாயின் மேல் சிவப்புப் பெயின்ட்டால் குறியிட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு 75 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டிய மோட்டார், 45 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடியது. பிளம்பர் தம்பி இதுவே பெரிய முன்னேற்றம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய கணக்கைத் திரும்பப் பார்த்தேன். 18 லிட்டரில் 11 திரும்பியது என்றால் மீதி 7 லிட்டர் ஊற ஐந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும், ஆனால் அந்த இரவில் நான் பார்த்தது மூன்றரை. அந்த ஒன்றரை நிமிடத்தை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 45 நிமிடத்தில் ஊறுவது 65 லிட்டர்தான். தள்ளிய 108 லிட்டரில் மீதி 43 லிட்டர் எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கேள்வி, எங்கே போகிறது என்பது, அப்போதுதான் முன்னே வந்தது. குழியில் கால் பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றிக் கலக்கி, ஒரு சுற்று ஓடவிட்டு, குழியைப் பார்க்காமல் சுவரும் தரையும் சேரும் மூலையில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் அந்த மூலையில் ஊறிய நீரில் மெல்லிய நீலம் படர்ந்தது. சுவருக்கு வெளியே ஒன்றரை அடி தோண்டியதும் காரணம் கிடைத்தது: குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, எல்போ எனப்படும் வளைவு இணைப்பை ஒட்டிய இடத்தில் விரிசல். சுவரில் சிமென்ட் வைத்துக் குழாயை அசையாமல் பூசியிருந்தார்கள். வெளியே இருப்பது மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கும் கரிசல் மண். ஒரு முனை சுவரோடு நிற்க, மறு முனை மண்ணோடு ஏறி இறங்க, நடுவே நாளுக்கு 400 முறை மோட்டார் கிளம்பி நிற்கும் உதறல். ஒட்டிய இடம் தாங்கவில்லை. வெளியே போன தண்ணீர் சுவரோரமாகவே இறங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறது.

சுவரில் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக வைத்து அதற்குள் இந்தக் குழாயைத் தளர்வாக விட்டு, இடைவெளியை வளைந்துகொடுக்கும் பூச்சால் அடைத்தோம். குழாயின் முடிவைத் தெருச் சாக்கடையிலிருந்து எடுத்துவிட்டோம். அடைமழையில் சாக்கடை நிறையும்போது குழாய் முனை முங்கிப்போகும், வெளியே தள்ளும் வேலையும் கடினமாகும். ஊற்றுநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதும் முறையன்று. இப்போது அது வீட்டிலிருந்து தள்ளிக் கொல்லைக் கோடியில் உள்ள இரண்டு தென்னைகளுக்குப் போகிறது. துவைக்கும் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிட்டோம்.

இந்த ஒரு வாரத்தில் வேறு சிலவும் கற்றுக்கொண்டேன். மோட்டார் உறுமி, இறகு சுழலாமல் நின்றால், காயிலைக் குறை சொல்லுமுன், மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சரை மாற்றிப் பார்க்க வேண்டும்; அதன் விலை மோட்டாரின் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதை நேரடியாக இணைத்துவிடச் சொல்லும் யாரையும் வீட்டுக்குள் விடக் கூடாது, ஏனெனில் ஒயரிலோ மோட்டாரின் உள்ளேயோ தண்ணீர் புகுந்திருப்பதை அது சொல்கிறது. குழி நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கினால் மோட்டாரின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள், காயில் எரியும் வரை காத்திருக்காமல் அப்போதே கழற்றிக் கொடுத்தால் செலவு சிறிதாகவே முடியும். மோட்டார் நிற்காமலே ஓடினால் மிதவை எதிலாவது சிக்கியிருக்கும், கயிற்றிலோ குழாயிலோ. மின்சாரம் போகும் மழை நாட்களுக்கு இன்வெர்ட்டரை நம்புவதானால், அது மோட்டார் கிளம்பும் சுமையைத் தாங்குமா என்பதை வெயில் நாளிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எங்களுடையது தாங்கவில்லை, பெரியதாக மாற்றினோம்.

எரிந்த மோட்டார்களில் ஒன்றை ரீவைண்டிங் கடையில் காயில் கட்டி வாங்கி, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு. குழிச் சுவரில் கறுப்பு மையால் இரண்டு கோடுகள் இருக்கின்றன, மோட்டார் கிளம்பும் மட்டத்துக்கு ஒன்று, நிற்கும் மட்டத்துக்கு ஒன்று. மாதம் ஒரு முறை, குளம் ஏறும் நாட்களில் வாரம் ஒரு முறை, மோட்டாரை அணைத்துப் பத்து நிமிட ஏற்றத்தை அளந்து அருகிலுள்ள நாட்காட்டியில் எழுதுகிறேன். கடந்த வாரம் 5 செ.மீ. ஏறியது; மணிக்கு ஒரு முறை ஓட வேண்டும். மதியம் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஐந்துக்கு ஒரு முறை ஓடியது. அடுத்து மூன்று நாலுக்கு ஓடி நின்றது. குழாயில் காதை வைத்தபோது வால்வு தட்டி மூடியது கேட்டது.